தாகமே எடுக்காது, டாக்டர்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். அழைப்பிதழில் ‘உடலை அரிக்கும் அன்றாடப் பழக்கங்கள்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். சர்க்கரை, உப்பு, செல்போன், ராத்திரி பதினோரு மணி பரோட்டா எல்லாவற்றையும் ஒரு பிடி பிடிப்பேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதற்கு உங்கள் வாட்ஸ்அப்பிலேயே ஆள் இருக்கிறார்கள். நான் இரண்டே விஷயம் பேசுகிறேன். ஒன்று, நிற்பது. இன்னொன்று, தண்ணீர் குடிக்காமல் இருப்பது.

என் கிளினிக் கடைவீதிக்குப் பின்தெருவில் இருக்கிறது. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வருகிறவர்களில் பாதிப் பேர் ஜவுளிக்கடை, பாத்திரக்கடைப் பிள்ளைகள். ஷட்டரை இறக்கிய பிறகுதான் அவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போகவே நேரம் கிடைக்கும்.

போன வருஷம் ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஒரு பெண் வந்தாள். 24 வயது, புடவை செக்ஷன். உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிற குளிர்காய்ச்சல். முதுகில் விலா எலும்புக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் வலி. லேசாகத் தட்டினாலே துள்ளினாள். சிறுநீரகத்தில் கிருமி ஏறிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

“ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பே?”

“காலையில கிளம்பும்போது ஒரு டம்ளர். மத்தியானம் சாப்பிடும்போது ஒரு டம்ளர்.”

“தாகம் எடுக்காதா?”

“எனக்குத் தாகமே எடுக்காது, டாக்டர்.”

இந்தப் பதிலை நான் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் நம்பினேன். ‘தண்ணி குடிக்கப் பழகிக்கோம்மா’ என்று அறிவுரை சொல்லி அனுப்பினேன். இப்போது அடுத்த கேள்வியையும் கேட்கிறேன்: “கடையில பாத்ரூம் எங்கே இருக்கு?”

அவள் நிற்பது தரைத்தளம். பெண்களுக்கான பாத்ரூம் மூன்றாவது மாடியில், ஸ்டாக் ரூம் பக்கத்தில். வாடிக்கையாளர் லிஃப்டில் இவர்கள் ஏறக் கூடாது. போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். அவர் ஆண். ‘இப்பத்தானே போயிட்டு வந்தே?’ என்று பத்துப் பேர் முன்னால் ஒருமுறை கேட்டாராம். அவ்வளவுதான், அன்றைக்கு நின்றது தண்ணீர் குடிப்பது. இதைத்தான் நாம் அந்தப் பெண்ணின் கெட்ட பழக்கம் என்கிறோம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். மூத்திரப் பையில் 200 மில்லி சேர்ந்ததும் லேசாக ஒரு உணர்வு வரும். 400, 500 ஆகும்போது உட்கார முடியாது, நிற்க முடியாது. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாயின் நீளம் 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு அதைப்போல ஐந்து மடங்கு. குடலில் இருக்கிற ஈ-கோலை கிருமிக்கு இந்த 4 சென்டிமீட்டர் ஒரு தூரமே இல்லை. அது பைக்குள் ஏறுவது சகஜம். ஒவ்வொரு முறை சிறுநீர் போகும்போதும் வாய்க்காலை அலசிவிட்ட மாதிரி அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். எட்டு மணி நேரம் அடக்கினால் அலசல் இல்லை. குட்டையில் பாசி பிடிக்கிற கதைதான். தண்ணீரும் குடிக்கவில்லை என்றால் சிறுநீர் கெட்டிப்பட்டு, உப்புகள் படிந்து, கல் சேரவும் வழி.

எரிச்சல் வந்தால் நம் வீடுகளில் ‘சூடு பிடிச்சிருக்கு’ என்பார்கள். இளநீர் கொடுப்பார்கள், கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு தடவுவார்கள். இளநீரை நான் தடுக்க மாட்டேன். சுண்ணாம்பாலும் கெடுதல் இல்லை. ஆனால் குளிர்காய்ச்சலும் முதுகு வலியும் சேர்ந்துவிட்டால் அது சூடு கிடையாது. கர்ப்பிணியாக இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

சரி, நிற்பதற்கு வருகிறேன்.

அந்தப் பெண்ணின் காலைப் பார்த்தேன். கொலுசு தசைக்குள் புதைந்து கிடந்தது. கழற்றச் சொன்னேன்; கொலுசின் முத்து முத்தான தடம் கால் முழுக்கச் சுற்றி அப்படியே இருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்தி எடுத்தேன். குழி விழுந்தது, எழும்பவில்லை. கெண்டைக்காலில் பச்சை நிறத்தில் புழு நெளிகிற மாதிரி இரத்தக் குழாய். ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்பார்களே, அது. நரம்பு இல்லை, சிரை. டாக்டர்கள் வெரிகோஸ் வெயின் என்போம்.

இதயம் இரத்தத்தைக் கீழே தள்ளிவிடும். அது மேலே ஏறி வர வேண்டுமே? அந்த வேலையைக் கெண்டைக்கால் சதை செய்கிறது. நடக்கும்போது சதை இறுகி, சிரையைப் பிழிந்து, இரத்தத்தை மேலே தள்ளும். கீழே திரும்பி வராமல் இருக்கச் சிரைக்குள் சின்னச் சின்னக் கதவுகள். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் இருக்கும். நடந்தால் அது 30க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அதனால்தான் நாள் முழுக்க நடக்கிற தபால்காரரைவிட, ஒரே இடத்தில் நிற்கிற சேல்ஸ் பெண்ணைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுகிறேன். வருஷக்கணக்கில் அந்த அழுத்தம் தாங்கித் தாங்கிக் கதவுகள் தளர்ந்துபோகும். அப்புறம் கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுக்கும், அரிக்கும். சொறிந்த இடம் புண்ணாகும். அந்தப் புண் ஆறாது. கட்டுப் போட்டுக்கொண்டே அதே காலில் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதில் ஆபத்தான முடிச்சு ஒன்று உண்டு. கால் வலிக்கிறது, பக்கத்து மெடிக்கலில் வலி மாத்திரை, டைக்ளோஃபெனாக் வகை, சீட்டு இல்லாமலே கொடுப்பார்கள். தினமும் ஒன்று. இந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைப்பவை. உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது போட்டால் அடி பலமாக விழும். ஆக, நிற்பதால் வலி, வலிக்கு மாத்திரை, அந்த மாத்திரை போய் உட்காருவது தண்ணீரே காணாத சிறுநீரகத்தில். அந்தப் பெண்ணின் கைப்பையிலும் ஒரு அட்டை இருந்தது, பாதி காலி.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1700இல் இத்தாலியில் ராமஸ்ஸினி என்று ஒரு மருத்துவர், தொழிலால் வரும் நோய்களைப் பற்றியே தனிப் புத்தகம் எழுதினார். நின்றே வேலை செய்பவர்களின் கால் சிரைகள் வீங்குவதை அதில் சொல்லியிருக்கிறார். நோயாளியிடம் ‘நீ என்ன வேலை செய்கிறாய்?’ என்று கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவரும் அவர்தான். முன்னூறு வருஷம் கழித்தும் எங்களில் பலர் கேட்பதில்லை.

பிரிட்டனில் 1899லேயே கடைப் பெண்களுக்கு இருக்கை கொடுக்கச் சட்டம் வந்துவிட்டது. மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கையாவது வேண்டும் என்ற கணக்கு. நம் நாட்டில் 1948 தொழிற்சாலைச் சட்டத்தில், நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 44ஆம் பிரிவு சொன்னது. ஆனால் அது தொழிற்சாலைக்கு. கடைக்கு? கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரர் ‘பெண்கூட்டு’ என்று ஒரு அமைப்பைக் கட்டினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி இல்லை, கழிப்பறை. உட்காரும் உரிமைக்கான போராட்டம் அதற்கப்புறம். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா வந்து, 1947ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. எல்லாக் கடைகளிலும் ஊழியர் அனைவருக்கும் இருக்கை வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம். ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. இந்த அரங்கில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கை தூக்குங்கள்... நான்கு பேர். கடைக்காரர் யாராவது? சரி, பரவாயில்லை.

உங்களில் நின்று வேலை பார்ப்பவர்களுக்குக் கையோடு கொஞ்சம். ஆசிரியர், போலீஸ்காரர், ஹோட்டலில் தோசைக்கல் முன்னால் நிற்பவர் எல்லாருக்கும் சேர்த்துத்தான். கால்மணிக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், இருபது தடவை. கவுன்ட்டருக்குப் பின்னால் யாருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போனதும் கால் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி தலையணை வைத்து அரைமணி படுங்கள். இறுக்கமான காலுறை உதவும். காலையில் வீக்கம் வருவதற்கு முன்னாலேயே போட வேண்டும். சர்க்கரை நோயாளிகள் கேட்காமல் போடாதீர்கள். தண்ணீர் போதுமா என்று பார்க்க லிட்டர் கணக்கு வேண்டாம், சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். நல்லெண்ணெய் நிறத்தில் போனால் போதவில்லை.

அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் ஐந்தாம் நாள் விட்டது. வேலைக்குத் திரும்பியபோது முதலாளிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்: உட்கார்ந்து எழ இருக்கை தேவை, கழிப்பறைக்குப் போகத் தடை கூடாது. மறக்காமல் 22-அ என்றும் எழுதினேன். ஒரு மாதம் கழித்துக் கால் காட்ட வந்தாள்.

“ஸ்டூல் போட்டாங்களா?”

“போட்டாங்க டாக்டர். செக்ஷனுக்கு ஒண்ணு.”

“உட்கார்றியா?”

“அதுமேல புடவைப் பெட்டி அடுக்கியிருக்கு.”

“இறக்கி வச்சுட்டு உட்கார வேண்டியதுதானே?”

அவள் பதில் சொல்லவில்லை. தலையை அண்ணாந்து என் கிளினிக் கூரையின் மூலையைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. கடையில் அந்த மூலையில்தான் கேமரா இருக்கிறதாம்.

நேரமாகிவிட்டது. ஏதாவது கேட்க வேண்டுமானால் கேளுங்கள்.