பழுப்பு நிறத்தை எப்போது நம்புவது?

நேயர்களுக்கு வணக்கம். கோழிக்காலைச் சாப்பிட்டு முடிக்கும்போது எலும்பின் முனையில் வெள்ளையாக, வழுவழுவென்று ஒரு தொப்பி இருக்கும். சிலர் அதையும் விடாமல் நறுக்கென்று கடிப்பார்கள். அதுதான் குருத்தெலும்பு. ரத்தக்குழாய், நரம்பு எதுவும் அதில் கிடையாது. அதன் இழைகள் பெரும்பாலும் இரண்டாம் வகை கொலாஜன் என்ற புரதம். தோலிலும் எலும்பிலும் நிறைந்திருப்பது முதல் வகை. இரண்டுமே மூன்று புரி முறுக்கிய கயிறுதான். அந்தக் கயிற்றின் வடிவத்தை 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் விளக்கினார்கள்.

எந்த வகை என்று ஏன் பார்க்க வேண்டும்? குருத்தெலும்புச் செல்களைத் தட்டையான தட்டில் வளர்த்தால் நாளாக ஆகத் தொழிலை மறந்துவிடும். இரண்டாம் வகையை விட்டுவிட்டு முதல் வகையை நெய்யத் தொடங்கும். தேய்ந்த மூட்டுக்குப் புதுத் திசு வளர்க்க நினைப்பவருக்கு அது உதவாது.

எந்த வகை என்று காட்டிக்கொடுக்க இங்கேதான் ஆன்டிபாடி வருகிறது. குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடிப்போய் ஒட்டும் புரதம் அது. கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் காட்டிய வழியில், எலியின் மண்ணீரல் செல்லையும் புற்றுச் செல்லையும் இணைத்தால், ஒரே மாதிரியான ஆன்டிபாடியை ஓயாமல் சுரக்கும் செல் கிடைக்கும். 1980இல் லின்சன்மேயரும் மேரி ஹெண்ட்ரிக்ஸும் கோழியின் இரண்டாம் வகை கொலாஜனுக்கு அப்படிச் சில ஆன்டிபாடிகளை உருவாக்கினார்கள். அதில் ஒன்றின் பெயர் டூ-டூ-சிக்ஸ்-பி-த்ரீ. வண்டி நம்பர் மாதிரிதான் இருக்கும்! கோழிக்காக உருவானது, மனிதத் திசுவிலும் எலித் திசுவிலும்கூட ஒட்டுகிறது. இன்றும் அயோவா பல்கலைக்கழகத்தில் உள்ள செல் வங்கியிலிருந்து ஆய்வாளர்கள் வாங்குகிறார்கள்.

இந்த ஆன்டிபாடி ஒட்டிய இடம் தானாகக் கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் இரண்டாவது ஆன்டிபாடி ஒன்று ஒட்டி, அந்த இடத்தைப் பழுப்பாக்கிக் காட்டும். நான் முதன்முதலில் இதை எலி முழங்காலின் மெல்லிய சீவலில் போட்டபோது ஸ்லைடு முழுக்க அருமையான பழுப்பு. மஜ்ஜைகூடப் பழுப்பு. சந்தோஷத்தில் ஆய்வகத்தில் மூத்த அக்காவிடம் ஓடினேன். "முதல் ஆன்டிபாடி போடாத ஸ்லைடு எங்கே தம்பி?" என்றார். எடுத்துப் பார்த்தோம். அதுவும் பழுப்பு.

காரணம் எளிது. நிறம் கொடுக்கும் இரண்டாவது ஆன்டிபாடி, எலி ஆன்டிபாடி எங்கே இருந்தாலும் போய் ஒட்டும். எலித் திசுவில் எலியின் சொந்த ஆன்டிபாடி இல்லாமலா இருக்கும்? சரி, அதை மறைக்கும் கரைசல் போட்டேன். இப்போது எங்குமே நிறமில்லை. கொலாஜன் இழைகளைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகள் ஏந்திய புரதங்கள் அடைத்துக்கொண்டிருப்பதால் ஆன்டிபாடி உள்ளே நுழையவில்லை. ஹயலூரோனிடேஸ், பெப்சின் போன்ற நொதிகளால் கொஞ்சம் அரித்து வழிவிட வேண்டும். அவசரத்தில் பெப்சினை அதிக நேரம் விட்டுவிட்டேன். திசு ஸ்லைடை விட்டே கழன்று மிதந்தது.

அப்புறம் ஒரு நாள் மூட்டு ஓரத்தில் மட்டும் மெல்லிய பழுப்புக் கோடு. எலும்பும் மஜ்ஜையும் வெளிறி நின்றன. அக்கா நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை எடுக்காமலே கேட்டார்: "தோல் துண்டு ஒன்று கூடவே வைத்தாயா?"