நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தவர்கள்

வணக்கம் நேயர்களே.

இந்த உரைக்காக நேற்று பட்டர்வொர்த்தில் ரயிலேறிக் கோலாலம்பூர் வந்து சேர்ந்தேன். வழியில் பேராக் மாநிலத் தலைநகரான ஈப்போவில் வண்டி நின்றது. அந்த ஊரைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு தமிழர்கள் நினைவுக்கு வருவார்கள். ஒருவர் அங்கே பிறந்தவர். இன்னொருவர் அங்கே, சட்டமன்றத்துக்கு உள்ளேயே, தன் இருக்கையிலிருந்து இழுத்து வெளியேற்றப்பட்டவர். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே தங்கள் அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்புவதைப் பற்றிப் பேசுங்கள் என்று என்னை அழைத்தபோது, ஈப்போவிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

வெளியேற்றப்பட்டவர் வி. சிவகுமார். 2008 பொதுத் தேர்தலில் பேராக் மாநிலத்தில் எதிர்க்கட்சிகளின் பக்கத்தான் கூட்டணிக்கு 31 இடங்கள், அப்போது நாட்டை ஆண்ட பாரிசான் நேஷனல் கூட்டணிக்கு 28. துரோனோ சட்டமன்ற உறுப்பினரான சிவகுமார் சபாநாயகர் ஆனார். மூன்றே இடங்கள்தான் வித்தியாசம். 2009 ஜனவரி கடைசியில் போத்தா தொகுதியின் உறுப்பினர், பாரிசானின் முக்கியக் கட்சியான அம்னோவைச் சேர்ந்தவர், பக்கத்தான் பக்கம் வந்தார். பக்கத்தான் தலைவர்கள் அவரை மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிக் கதையைத்தான் சொன்னவள் ஆவேன். சில நாட்களிலேயே அவர் அம்னோவுக்குத் திரும்பிவிட்டார். கூடவே பக்கத்தானிலிருந்து மூன்று பேர் விலகி, பாரிசானை ஆதரிக்கப் போவதாகச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் துணை சபாநாயகர். அவ்வளவுதான், அரசாங்கம் கவிழ்ந்தது.

அவர்களில் இரண்டு பேர் தேதி போடாத ராஜினாமாக் கடிதங்களில் முன்பே கையெழுத்திட்டிருந்தார்கள். அந்தக் கடிதங்களை வைத்துத் தொகுதிகள் காலி என்று அறிவித்தார் சிவகுமார். தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை. மார்ச் 3-ஆம் தேதி சட்டமன்றக் கட்டடத்துக்குள் போக விடாமல் தடுத்தபோது, அவர் பக்கத்தில் இருந்த ஒரு மரத்தடியில் சபையைக் கூட்டினார். மே 7-ஆம் தேதி அவரை இழுத்து வெளியே கொண்டுபோனார்கள். அவருடைய இடத்தில் உட்கார வைக்கப்பட்ட ஆர். கணேசனும் தமிழர்தான். அன்றைக்கு என் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், சபாநாயகரையே தூக்கலாம்னா, சபைன்னு ஒண்ணு எதுக்கு?" அந்தக் கேள்விக்கு நான் பாடப் புத்தகத்திலிருந்து பதில் சொல்ல முயன்றேன். அது பதிலாக இல்லை என்று எனக்கே தெரிந்தது.

வழக்கு நடந்தது, 2010 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் பாரிசானின் மந்திரி பெசாரே (மாநில முதல்வரே) செல்லுபடியானவர் என்று தீர்ப்பளித்தது. பேராக் சுல்தான், நீதிமன்றம், போலீஸ், தேர்தல் ஆணையம் என்று எல்லோரும் அந்த விவகாரத்தில் ஒரு வார்த்தை சொன்னார்கள். பெஹ்ராங், சங்காட் ஜெரிங், ஜெலாப்பாங் ஆகிய மூன்று தொகுதிகளில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்களை மட்டும் யாரும் கேட்கவில்லை. விலகிய மூவருக்கும் உண்மையான காரணங்கள் இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தால் அதை அந்த மக்களிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

பதினோரு வருடம் கழித்து அதே கதை நாடளவில் நடந்தது. 2018 மே 9, பொதுத் தேர்தல் நாள், ஒரு புதன்கிழமை. எங்கள் தாமானில் பக்கத்து வீட்டு அக்காவின் மகன் ஜோகூர் பாருவிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்து, பினாங்கில் ஓட்டுப் போட்டுவிட்டு அன்றே திரும்பிப் போனான். 2020 பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை, பெட்டாலிங் ஜெயாவின் ஷெரட்டன் ஹோட்டலில் அரசாங்கத்தை மாற்ற எம்.பி.க்கள் கூடினார்கள். மறுநாள் பிரதமர் மகாதீர் பதவி விலகினார். அவருடைய பெர்சத்து கட்சி ஆளும் கூட்டணியை விட்டுப் போனது, அதே கூட்டணியின் பி.கே.ஆர் கட்சியிலிருந்து அஸ்மின் அலியும் இன்னும் பத்துப் பேரும் பிரிந்தார்கள். மார்ச் 1-ஆம் தேதி முகைதீன் யாசின் பிரதமராகப் பதவியேற்றார். அந்த வாரம் அக்கா என் வீட்டு வாசலில் நின்று கேட்டார்: "ஏன் டீச்சர், என் மகன் பஸ் ஏறி வந்து போட்டானே, அந்த ஓட்டு இப்ப யாருகிட்ட இருக்கு?"

இந்தக் கேள்விதான் எனக்கு அளவுகோல். ஒருவர் தன் அரசாங்கத்தையோ தன் கட்சியையோ எதிர்ப்பது தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். தலைமை தவறு செய்யும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் எதற்கு? ஆனால் எதிர்க்கக் கிளம்பும் நாளில், மக்கள் கொடுத்த நாற்காலியை அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பேன். அதை அப்படியே தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறாரா, கொடுத்தவர்களிடமே திருப்பி வைக்கிறாரா?

திருப்பி வைத்தவர் நம் நாட்டிலேயே இருந்தார். ஜோகூர் பாரு எம்.பி. ஷாரிர் அப்துல் சமாட். 1987-இல் அம்னோ பிளவுபட்டபோது அமைச்சர் பதவியை இழந்தவர். 1988-இல் எம்.பி. பதவியையும் அவரே விட்டு விலகி, அதே தொகுதியில் சுயேச்சை வேட்பாளராக நின்றார். எதிரே ஆளுங்கட்சியின் முழு பலமும் இருந்தது. ஆகஸ்டில் நடந்த அந்த இடைத்தேர்தலில் 12,000-க்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அவருடைய அரசியலைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் சரி, அன்று அவர் செய்தது நேர்மையான காரியம்.

அதற்குப் பிறகு என்ன ஆனது தெரியுமா? 1990-இல் அரசியலமைப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். எம்.பி. ஒருவர் பதவி விலகினால் ஐந்து ஆண்டுகளுக்கு மீண்டும் எம்.பி. ஆக முடியாது. அதாவது, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடுபவருக்குத் தண்டனை இல்லை, திருப்பிக் கொடுப்பவருக்கு ஐந்து வருடத் தண்டனை. முப்பது வருடத்துக்கும் மேல் இப்படி ஒரு சட்டத்தோடு வாழ்ந்தோம். நம் ஊரில் தவளைகள், அதாவது கட்சி தாவுபவர்கள், பெருகியதற்கு மனிதர்களின் ஆசையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, குளத்தை வெட்டிக் கொடுத்ததே சட்டம்தான்.

கிளந்தான் மாநிலத்தில் கட்சித் தாவலைத் தடுக்கக் கொண்டுவந்த சட்டத்தை 1992-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. சங்கம் சேரும் சுதந்திரத்துக்கு விரோதம் என்பது காரணம். எங்கள் பினாங்கு மாநிலம் 2012-இல் மறுபடி முயன்றது. 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னால்தான், ஜூலை 28-ஆம் தேதி, மக்களவையில் கட்சித் தாவல் தடைத் திருத்தம் 209 ஓட்டுகளுடன் நிறைவேறியது. அக்டோபர் 5 முதல் அமலுக்கு வந்தது. கட்சியை விட்டு விலகினால் பதவி போகும். அதே திருத்தம் அந்த ஐந்தாண்டுத் தடையையும் எடுத்துவிட்டது. பத்திரிகைகள் முதல் பாதியைப் பற்றியே பேசின. எனக்கு இரண்டாவது பாதிதான் பெரிய செய்தி.

ஓட்டைகள் இருக்கின்றன. கட்சியே விலக்கினால் பதவி போகாது. ஒரு கட்சி மொத்தமாகக் கூட்டணி மாறினாலும் போகாது. ஷெரட்டன் விவகாரத்தில் பெர்சத்து செய்தது அதைத்தான். பெர்சத்துவின் ஆறு எம்.பி.க்கள் பிரதமர் அன்வாரை ஆதரித்தபோது அவர்கள் பதவியில் தொடரலாம் என்று சபாநாயகர் 2024 ஜூலையில் முடிவு சொன்னார். சட்டம் இவ்வளவுதான் செய்யும். மீதியை மனிதர்தான் செய்ய வேண்டும்.

நாற்காலியைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றும் கேட்கலாம். ஆகாது. 1861 ஜனவரி 21 அன்று அமெரிக்க செனட்டில் ஜெஃபர்சன் டேவிஸ் விடைபெற்றுப் பேசிவிட்டு வெளியேறினார். அடுத்த மாதமே பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கு அவர் அதிபர். முறையாகத்தான் வெளியேறினார், ஆனால் அடிமை முறையைக் காப்பாற்ற வெளியேறினார். அந்தக் காரணத்தை எந்த முறையும் கழுவ முடியாது. நான்கு வருடப் போருக்குப் பிறகு, 1868-இல், அரசியலமைப்பைக் காப்பதாக உறுதிமொழி எடுத்துவிட்டுக் கிளர்ச்சியில் இறங்கியவர் மீண்டும் பதவிக்கு வர முடியாது என்று அந்த நாடு எழுதி வைத்தது.

சரி, ஈப்போவில் பிறந்தவருக்கு வருகிறேன். 1898 மார்ச் 31-இல் அங்கே பிறந்து, சின்ன வயதிலேயே யாழ்ப்பாணம் போய்விட்ட, இலங்கைத் தமிழர்களின் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம். நம்மில் பலருக்கு அவர் இந்த மண்ணில் பிறந்தவர் என்பதே தெரியாது. 1961-இல் அவரும் தமிழரசுக் கட்சி எம்.பி.க்களும் யாழ்ப்பாணம் கச்சேரி (மாவட்ட அரசு அலுவலகம்) வாசலில் உட்கார்ந்து சத்தியாகிரகம் செய்தார்கள். தனியாக ஒரு தபால் சேவையே நடத்தினார்கள். அவசர நிலை வந்தது, ராணுவம் வந்தது, பனாகொடை முகாமில் அடைத்தார்கள். சட்டத்தை மீறினார்கள், ஒரு கல்லைக்கூட எறியவில்லை.

1972-இல் இலங்கையின் புதிய அரசியலமைப்பு வந்தபோது, தமிழர்கள் இதை ஏற்கவில்லை என்றார் அவர். அரசாங்கம் கேட்கவில்லை. அக்டோபரில் காங்கேசன்துறை எம்.பி. பதவியை ராஜினாமா செய்தார். நான் நிற்கிறேன், நீங்களும் ஆளை நிறுத்துங்கள், மக்களே சொல்லட்டும் என்றார். அப்போது அவருக்கு வயது 74. உடல் நடுக்க நோயால் தளர்ந்திருந்தது, குரல் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது.

அரசாங்கம் இடைத்தேர்தலை நடத்தவே இல்லை. 1973 போனது, 1974 போனது. 1975 பிப்ரவரி 6-ஆம் தேதிதான் ஓட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். இரண்டு வருடம் நான்கு மாதம் அந்தத் தொகுதிக்கு எம்.பி. கிடையாது. 16,470 ஓட்டு வித்தியாசத்தில் கிழவர் ஜெயித்தார்.

அந்த இரண்டு வருடம் நான்கு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. ஒரு வயதானவர் ஓட்டுச் சீட்டை நம்பிக் கையை நீட்டியபோது, அந்தக் கையைக் காத்திருக்க வைத்தார்கள். அந்தக் காத்திருப்பைப் பார்த்துக்கொண்டு ஒரு தலைமுறை இளைஞர்கள் வளர்ந்தார்கள். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும், அதை விரிவாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நம் நாட்டில் தொகுதி காலி என்று உறுதியானால் 60 நாட்களுக்குள் இடைத்தேர்தல் என்று எழுதியிருப்பது எவ்வளவு விலைமதிப்பானது என்று எனக்குப் புரிய வைத்தது காங்கேசன்துறைதான்.

2022 நவம்பர் பொதுத் தேர்தலுக்கு முன்னால் எங்கள் கோயில் மண்டபத்துக்கு ஓர் இளம் வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வந்தார். எல்லோரும் கால்வாய், தெருவிளக்கு என்று கேட்டு முடித்த பிறகு நான் எழுந்தேன். "தம்பி, நாளைக்கு உங்க கட்சி தப்புப் பண்ணி, நீங்க எதிர்த்து வெளியே வர வேண்டிய நிலைமை வந்தா, இந்தப் பதவியை எங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துட்டு மறுபடி ஓட்டுக் கேட்பீங்களா?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "கேட்பேன் டீச்சர். ஆனா கட்சி இல்லாம வந்து நின்னா நீங்க போடுவீங்களா?"

எனக்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்கா பதில் சொல்லிவிட்டார்: "வந்து காரணத்தைச் சொல்லுப்பா. கேட்டுட்டுச் சொல்றோம்."