எண்பத்தோரு வருடத் தோல்வியும் ஒரு வாத்தியாரும்

நேயர்களுக்கு வணக்கம். விளையாட்டு என்றாலே கிரிக்கெட் என்று பழகிப்போன நம் காதுக்கு இன்று ஒரு புதுப் பெயர்: ஹர்லிங். அயர்லாந்துக்காரர்களின் ஆட்டம். அங்கே வேலை பார்த்த காலத்தில் என்னைப் பிடித்த பைத்தியம், இன்னும் விடவில்லை. ஆனால் நான் பேச வந்தது ஆட்டத்தைவிட ஓர் ஆளைப் பற்றி. ஆட்டக்காரராகப் பல வருடம் தோற்று, பிறகு பயிற்சியாளராக வந்து ஒரு மாவட்டத்தையே தலைநிமிர வைத்த ஜெர் லாக்னன்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு 15 பேர். ஆஷ் என்கிற மரத்தில் செதுக்கிய மட்டை, நுனி மட்டும் அகலமாக, தட்டையாக இருக்கும். தோல் போர்த்திய சின்னப் பந்து. தரையில் கிடந்தாலும் அடிக்கலாம், தலைக்கு மேல் பறந்தாலும் அடிக்கலாம். வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. குறுக்குக் கட்டைக்கு மேலே போனால் ஒரு புள்ளி. இவ்வளவு தெரிந்தால் போதும்.

இன்னொன்று தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். இவர்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஏலமும் கிடையாது. சொந்த மாவட்டத்துக்கு ஆடுகிறார்கள். பகலில் வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ வயலிலோ வேலை, சாயங்காலம் மழையில் பயிற்சி. அதனால் அணி தோற்றால் தோற்றவன் பக்கத்து வீட்டுப் பையன். மறுநாள் கடைத்தெருவில் அவனைப் பார்த்தே ஆக வேண்டும்.

சரி, லாக்னனுக்கு வருவோம். மேற்கு அயர்லாந்தில் கிளேர் என்றொரு மாவட்டம். பிடில், புல்லாங்குழல், நாட்டுப்புற இசைக்குப் பேர்போன இடம். ஹர்லிங்கில் மட்டும் சாபக்கேடு. அகில அயர்லாந்துக் கோப்பையைக் கடைசியாக வென்றது 1914இல். மன்ஸ்டர் மாகாணக் கோப்பையாவது கிடைத்ததா என்றால், அதுவும் 1932க்குப் பிறகு இல்லை. இந்த மாவட்டத்தில், ஃபீக்கிள் என்ற ஊரில் 1953இல் பிறந்தவர் லாக்னன். தொழில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து எண்பதுகளின் பின்பகுதி வரை தடுப்பு ஆட்டக்காரர். நல்ல ஆட்டக்காரர். ஆண்டின் சிறந்த 15 பேரில் ஒருவராக 1974இலும் 1977இலும் தேர்வானவர். 77, 78 இரண்டு வருடமும் கிளேர் அணி தேசிய லீக்கைக்கூட வென்றது. ஆனால் லீக் முடிந்து கோடைகாலப் போட்டி வந்ததும், மன்ஸ்டர் இறுதியாட்டத்தில் தோல்வி. மறுபடி ஒரு இறுதியாட்டம், மறுபடி தோல்வி. இப்படியே அவருடைய ஆட்டக்காலம் முடிந்துபோனது.

சாபக்கேடு என்றேனே, அதைச் சும்மா சொல்லவில்லை. கிளேர்க்காரர்கள் உண்மையாகவே அப்படி ஒரு கதை வைத்திருந்தார்கள். பிடி எர்லி என்று ஒரு மூலிகை வைத்தியக்காரி, நாட்டார் கதைகளில் பெரிய ஆள். கையில் எப்போதும் ஒரு நீலக் குப்பி, அதற்குள் பார்த்தால் வருங்காலம் தெரியும் என்பார்கள். பாதிரிமாருக்கு அவளைக் கண்டால் ஆகாது. அவள் இறந்த பிறகு அந்தக் குப்பியை ஏரிக்குள் வீசிவிட்டார்கள் என்று கதை. இந்தப் பிடி எர்லி கிளேர் அணியைச் சபித்துவிட்டாளாம், அதனால்தான் ஜெயிப்பதே இல்லையாம். வேடிக்கை என்னவென்றால், அந்த அம்மாள் இறந்தது 1874இல். இந்தப் போட்டிகளை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் தொடங்கியதே 1884இல். இல்லாத போட்டிக்குப் பத்து வருடம் முன்கூட்டியே சாபம்! அதோடு 1914இல் ஜெயித்தார்களே, அப்போது சாபம் எங்கே போயிருந்தது?

இந்தக் கணக்கு கிளேர்க்காரர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இருந்தாலும் சாபம் வசதியாக இருந்தது. தோற்றால் யாரையும் திட்ட வேண்டாம் பாருங்கள். பிடி எர்லி வாழ்ந்ததும் ஃபீக்கிள் பக்கம்தான், அதாவது லாக்னனின் சொந்த ஊர். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை அவருக்கு. என் கட்சி இதுதான்: அவர் பயிற்சியாளராகி எதிர்த்து நின்றது டிப்பரரி, கார்க் போன்ற எதிரணி மாவட்டங்களைவிட இந்த வசதியைத்தான். பல தடவை தோற்ற ஆட்டக்காரர் என்பதால் அதன் ருசி அவருக்குத் தெரியும்.

1993, 94 இரண்டு வருடமும் கிளேர் மன்ஸ்டர் இறுதிக்கு வந்து பலமாக அடிவாங்கியது. அதன் பிறகு பொறுப்பு லாக்னனிடம் வந்தது. அவர் செய்த முதல் காரியம் ஓடவிட்டது. குளிர்காலம், இருட்டு, ஷானன் ஊரில் ஒரு குன்று, பயிற்சிக்கு மைக் மெக்நமாரா. மேலே ஓடு, கீழே வா, மறுபடி ஓடு. அப்புறம் வசந்தத்தில் பந்து வேலை. கை பந்தில் படும் வேகம், மட்டை சுழலும் வேகம், எல்லாம் மின்னலாக இருக்க வேண்டும். காரில் போய்க்கொண்டே கேட்கிறவர்களுக்காக மறுபடி சொல்கிறேன், இவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். வேலை முடித்து வந்து, வாந்தி வரும்வரை ஓடினார்கள்.

95 கோடையில் கார்க்குடன் ஆட்டம். ஷானி மெக்மான் என்ற தடுப்பு ஆட்டக்காரருக்குத் தோள்பட்டைக் காறையெலும்பு உடைந்துவிட்டது. மாற்று ஆள் இறக்க வழியில்லை. மனிதர் வெளியே போகவில்லை. முன்வரிசை மூலையில் போய் நின்றார், எதிராளிக்கு இடைஞ்சலாகவாவது இருப்போம் என்று. அங்கே நின்று, ஒரு கை தொங்க, பந்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே போகவைத்து கிளேருக்கு ஒரு அடி வாங்கிக்கொடுத்தார். அந்த அடியிலிருந்து ஓலி பேக்கர் கோல் போட்டார், கிளேர் தப்பியது. அடுத்து தர்லஸ் மைதானத்தில் லிமெரிக்கை வீழ்த்தி மன்ஸ்டர் கோப்பை, 63 வருடம் கழித்து. கேலிக் சங்கம் தொடங்கியதும் அதே தர்லஸ் ஊரில்தான்.

அகில அயர்லாந்து இறுதியாட்டம் செப்டம்பர் 3, டப்ளினில் குரோக் பார்க் மைதானம். எதிரே ஆஃபலி, முந்தின வருடச் சாம்பியன். இடைவேளைக்குச் சற்று முன் கிளேர் கோல்கீப்பர் டேவி ஃபிட்ஸ்ஜெரால்ட் கைதவறி ஒரு கோல் போய்விட்டது. இரண்டு புள்ளி பின்தங்கல். ஓய்வறைக்குப் போகிற வழியில் தொலைக்காட்சிக்காரர் மைக்கை நீட்டுகிறார். லாக்னன் சொன்னது ஒரே வாக்கியம்: ஜெயிக்கப்போகிறோம். கிளேரில் இன்றும் அந்த வாக்கியத்தைச் சொல்லிக் காட்டுகிறார்கள். வாய்ச்சவடால் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் குன்றில் யார் எத்தனை தடவை ஓடினார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றவர் பேசிய பேச்சு அது.

ஆட்டம் முடிய சில நிமிடம் இருக்கிறது, கிளேர் இன்னும் பின்னால். ஈமன் டாஃப் என்ற மாற்று ஆட்டக்காரரை இறக்கியிருந்தார்கள். அணித்தலைவர் ஆண்டனி டேலி தூரத்திலிருந்து அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்புகிறது. டாஃப் பந்தைப் பிடிக்கவில்லை, நிறுத்தவில்லை, அப்படியே ஒரு வீச்சு. கோல்! கொஞ்ச நேரத்தில் அவரை வெளியே எடுத்தும்விட்டார்கள். இறங்கினார், பந்தை ஒரே ஒரு தடவை தொட்டார், 81 வருடத்தைத் திருப்பினார், போய் உட்கார்ந்துவிட்டார். ஆஃபலி சமன் செய்தது. டேலி மறுபடி தூரத்திலிருந்து அடித்து முன்னிலை. முடிவில் 16க்கு 14. கோப்பையை வாங்கிக்கொண்டு டேலி பேசியதை இன்னும் சொல்வார்கள்: கிளேரில் 81 வருடமாக ஒருவரைக் காணவில்லை, இன்று கண்டுபிடித்துவிட்டோம், பெயர் லியம் மெக்கார்த்தி என்றார். அது கோப்பையின் பெயர்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். 1998 பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்திருந்தேன், போகட்டும். 97இல் டிப்பரரியை ஒரே புள்ளியில் வென்று லாக்னனுக்கு இரண்டாவது அகில அயர்லாந்துக் கோப்பை. 98இல் எல்லாம் சண்டை. தம் ஆட்டக்காரர் மீதான தடையை எதிர்த்து லாக்னன் கிளேர் எஃப்எம் உள்ளூர் வானொலியில் அதிகாரிகளை வெளுத்து வாங்கினார். ஆஃபலியுடன் அரையிறுதியில் கிளேர் முன்னிலையில் இருக்க, நடுவர் இரண்டு நிமிடம் முன்பே விசில் ஊதிவிட்டார். ஆஃபலி ரசிகர்கள் மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டத்தைத் திரும்ப நடத்தினார்கள், கிளேர் தோற்றது. 2000இல் லாக்னன் விலகினார். பிறகு கால்வே அணியை இரண்டு பருவம் பார்த்துக்கொண்டார், கோப்பை எதுவும் வரவில்லை. கிளேர் அடுத்து வென்றது 2013இல். மேலாளர் யார் தெரியுமா? பந்தைக் கைதவறவிட்ட அந்த டேவி ஃபிட்ஸ்ஜெரால்ட். அவரைப் பற்றி ஆரம்பித்தால் செய்திக்கு நேரம் இருக்காது. வணக்கம்.