பத்து நாள் ‘ஸ்டடி டூர்’ போகலாமா?

சரி, அடுத்த கேள்வி. கோயம்புத்தூரில் பி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கிற ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். காலேஜுக்கு ஒரு ஏஜென்சிக்காரர்கள் வந்து பத்து நாள் ஐரோப்பா ஸ்டடி டூர், இரண்டரை லட்சம் ரூபாய், கடைசியில் சர்டிஃபிகேட் உண்டு, ஜெர்மனியில் எம்.எஸ். அப்ளை பண்ணும்போது கைகொடுக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா கடன் வாங்கியாவது கட்டுகிறேன் என்கிறாராம். போகலாமா என்று கேட்கிறார்.

கடன் வாங்கிப் போக வேண்டாம் தம்பி.

நீங்கள் அனுப்பிய நோட்டீஸைப் பார்த்தேன். முதல் நாள் பாரிஸ், ஈபிள் டவர். அப்புறம் சுவிட்சர்லாந்து, பனிமலை. மியூனிக்கில் காலையில் ‘யுனிவர்சிட்டி விசிட்’, மதியம் கார் மியூசியம். வகுப்பு என்று போட்டிருப்பது மொத்தமே இரண்டு இடத்தில், தலா ஒன்றரை மணி நேரம், அதையும் யார் எடுக்கிறார், என்ன பாடம் என்று ஒரு வரி கிடையாது. (இந்தியன் டின்னர் என்று மட்டும் தினமும் மறக்காமல் போட்டிருக்கிறார்கள்.) டூர் போவதில் தப்பே இல்லை, வசதி இருந்தால் தாராளமாகப் போகலாம், ஆனால் படிப்பு என்று நினைத்துக்கொண்டு அப்பா கடன் வாங்கக் கூடாது.

ஐரோப்பாவில் ஈ.சி.டி.எஸ். என்று ஒரு கிரெடிட் கணக்கு உண்டு. ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பில் உட்காருவது, அறையில் படிப்பது, அசைன்மென்ட் எழுதுவது எல்லாம் அதில் அடக்கம். பத்து நாளும் எங்கேயும் சுற்றாமல் தினம் எட்டு மணி நேரம் படித்தால்கூட 80 மணி நேரம்தான், மூன்று கிரெடிட் தேறும். உங்கள் டூரில் இருப்பது மூன்றே மணி நேரம். அந்த சர்டிஃபிகேட்டில் ‘பங்கேற்றார்’ என்று இருக்கும், அவ்வளவுதான். எம்.எஸ். அட்மிஷனில் முதலில் பார்ப்பது உங்கள் மார்க்கையும் நீங்கள் படித்த பாடங்களையும். இந்த சர்டிஃபிகேட் அங்கே எடுபடாது.

உண்மையான குறுகிய காலப் படிப்பு வேறு மாதிரி இருக்கும். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் நடத்தும் சம்மர் ஸ்கூலை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கோர்ஸ் மூன்று வாரம், பரீட்சை உண்டு, மார்க் உண்டு, செலவும் பலமாகத்தான் இருக்கும். ஜெர்மன் பல்கலைக்கழகங்களிலும் சம்மர் ஸ்கூல் நிறைய இருக்கிறது, ஆனால் அங்கே சம்மர் செமஸ்டர் வகுப்புகள் முடியவே ஜூலை நடுப்பகுதி ஆகிவிடும், அதற்கப்புறம் ஆகஸ்ட்டில் சம்மர் ஸ்கூல் என்றால் இங்கே உங்கள் அடுத்த செமஸ்டர் ஆரம்பித்திருக்கும், 75 சதவீத அட்டெண்டன்ஸ் கேட்பார்கள். அதனால் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே சிலபஸை எடுத்துக்கொண்டு எச்.ஓ.டி.யிடம் போய், இந்த கிரெடிட்டை ஏற்பீர்களா, அட்டெண்டன்ஸுக்கு என்ன வழி என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ‘பார்த்துக்கலாம்பா’ என்று வாயால் சொன்னதை நம்பிப் போனால் திரும்பி வரும்போது அந்த எச்.ஓ.டி. மாறியிருக்கலாம்.

உங்கள் குறி ஜெர்மனிதான் என்றால் டி.ஏ.ஏ.டி. (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் ‘வைஸ்’ (WISE) திட்டத்தைப் பாருங்கள். இந்தியாவில் அறிவியல், பொறியியல் படிக்கிற மாணவர்களுக்காகவே வைத்திருப்பது. அங்கே ஒரு ஆய்வகத்தில் இரண்டு மூன்று மாதம் வேலை, மாதாமாதம் உதவித்தொகை தருவார்கள். உங்களை எடுத்துக்கொள்ள ஒரு பேராசிரியரை முதலில் நீங்களே பிடிக்க வேண்டும், மெயில் மேல் மெயில் போட வேண்டியிருக்கும், பாதிப் பேர் பதிலே போட மாட்டார்கள். யார் விண்ணப்பிக்கலாம் என்ற விதிகளை அவர்கள் தளத்திலேயே படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

விசா பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவில் 180 நாளுக்குள் 90 நாள் வரை இருக்கலாம், கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிரிட்டனில் சாதாரண விசிட்டர் விசாவிலேயே அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் ஆறு மாதம் வரையான படிப்புக்கு இடம் உண்டு. அமெரிக்கா அப்படி இல்லை, சுற்றுலா விசாவில் போய் கிரெடிட் தருகிற கோர்ஸில் சேர முடியாது, அதற்கு மாணவர் விசா வேண்டும். ஏஜென்சி ‘டூரிஸ்ட் விசா போதும்’ என்றால் எந்த நாடு, கிரெடிட் உண்டா என்று இரண்டையும் கேளுங்கள்.

இவ்வளவுக்கு அப்புறமும் நண்பர்களோடு போயே ஆக வேண்டும் என்றால் ஒன்று மட்டும் செய்யுங்கள். விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்று அந்த ஏஜென்சியிடம் கேட்டு, லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். விசா கட்டணம் எப்படியும் போனதுதான், மீதி இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கிறதே, அதைக் கேட்கிறேன். எழுதித் தரத் தயங்கினால் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.