மைக்ரோவேவ் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறதே, அப்புறம் ஏன் அதன் ஆற்றல் குறைவு என்கிறோம்?

சரி, அடுத்த கேள்வி. பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி அனுப்பியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்.

"போன வீடியோவில் மின்காந்த அலைகளை வரிசையாகப் போட்டீர்கள். ரேடியோ, மைக்ரோவேவ், அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளி, புற ஊதா, எக்ஸ் கதிர், காமா என்று போகப் போக ஆற்றல் கூடும் என்றீர்கள். எங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு ஒரு டம்ளர் தண்ணீரை இரண்டு நிமிடத்தில் கொதிக்க வைக்கிறது. வெயிலில் புற ஊதாவே இருக்கிறது, நாள் முழுக்க வைத்தாலும் தண்ணீர் கொதிப்பதில்லை. அப்படியானால் எதற்கு ஆற்றல் அதிகம்? இன்னொன்று, ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) எடுக்கும்போது மூலக்கூறு உடைந்துவிடாதா?"

குழப்பத்துக்குக் காரணம் நான்தான். 'ஆற்றல் கூடும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டேன். 'ஒரு ஃபோட்டானின் ஆற்றல் கூடும்' என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த 'ஒரு' விட்டுப்போனதால் வந்த வினை இது.

ஒளி பொட்டலம் பொட்டலமாகத்தான் ஆற்றலைக் கொடுக்கும், வாங்கும். ஒரு பொட்டலம்தான் ஃபோட்டான். அதன் ஆற்றல் எவ்வளவு? பிளாங்க் மாறிலியை அதிர்வெண்ணால் பெருக்கினால் வருவது. அவ்வளவுதான் சூத்திரம். அதிர்வெண் கூடினால் பொட்டலம் பெரிது. அலைநீளம் கூடினால் பொட்டலம் சிறிது. விளக்கு பிரகாசமாக எரிகிறதா, மங்கலாக எரிகிறதா என்பது எத்தனை பொட்டலம் வருகிறது என்பதை மட்டும்தான் சொல்லும்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் அதிர்வெண் 2.45 ஜிகாஹெர்ட்ஸ். ஒரு ஃபோட்டானுக்குக் கணக்குப் போட்டால் கண்ணுக்கே தெரியாத சின்ன எண் வரும். அதனால் வேதியியலில் நமக்குப் பழகிய மாதிரி ஒரு மோல், அதாவது சுமார் 6 பெருக்கல் 10-இன் 23-ஆம் அடுக்கு ஃபோட்டானுக்குப் போடுவோம். ஏறக்குறைய 1 ஜூல் வருகிறது. கிலோஜூல் இல்லை, வெறும் ஜூல். அறை வெப்பநிலையில் மூலக்கூறுகள் சும்மா முட்டி மோதிக்கொண்டிருப்பதற்கான ஆற்றலே மோலுக்குச் சுமார் 2.5 கிலோஜூல். அதோடு ஒப்பிட்டால் மைக்ரோவேவ் ஃபோட்டான் தூசு.

ஆனால் 800 வாட் அடுப்பு நொடிக்கு 800 ஜூல் கொடுக்கிறது. மோலுக்கு 1 ஜூல் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 800 மோல் ஃபோட்டான்! ஒவ்வொன்றும் தூசு, ஆனால் வருவது புழுதிப் புயல். தண்ணீர் கொதிக்காமல் என்ன செய்யும்?

அந்தப் பக்கம் 254 நானோமீட்டர் புற ஊதாவைப் பாருங்கள். ஒரு மோல் ஃபோட்டானுக்கு 471 கிலோஜூல். கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்கச் சுமார் 347 கிலோஜூல் போதும். கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் கிருமிநாசினி விளக்கு சில வாட்தான், தண்ணீரை வெதுவெதுப்பாகக்கூட ஆக்காது. ஆனால் கிருமியின் டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும்.

மாங்காய் அடித்திருப்பீர்கள் இல்லையா? ஒரு மூட்டை மணலை அள்ளி அள்ளி வீசினாலும் மாங்காய் விழாது. மரத்தடியில் நிற்பவன் கண்ணில்தான் மண் விழும். கைக்கு அடக்கமான ஒரு கல் போதும், விழுந்துவிடும். மூட்டை மணலின் எடை அந்தக் கல்லைவிடப் பல மடங்கு. இருந்தும் காம்புக்குத் தேவை ஒரே அடியில் வரும் விசை.

வீட்டிலேயே இதற்குச் சாட்சி உண்டு. புடவையை வெயிலில் காயப்போட்டால் சாயம் வெளுக்கும். அதனால்தான் உள்பக்கத்தைத் திருப்பிப் போடச் சொல்வார்கள். இஸ்திரிப் பெட்டியின் சூடு வெயிலைவிட எவ்வளவோ அதிகம். ஆனாலும் தேய்த்துத் தேய்த்துப் புடவை அப்படி வெளுப்பதில்லை. சாய மூலக்கூறின் பிணைப்பில் கை வைக்க வெயிலில் இருக்கும் பெரிய ஃபோட்டான்கள் வேண்டும்.

இங்கே இன்னொரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 2.45 ஜிகாஹெர்ட்ஸ் என்பது தண்ணீர் மூலக்கூறின் இயல்பான அதிர்வெண், அதனால்தான் சூடாகிறது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அப்படி இல்லை. தண்ணீர் மூலக்கூறுக்கு ஒரு பக்கம் நேர்மின், ஒரு பக்கம் எதிர்மின் சாய்வு. மின்புலம் நொடிக்கு 245 கோடி முறை முன்னும் பின்னுமாக ஆடும்போது அதுவும் கூடவே திரும்பப் பார்க்கிறது. பக்கத்து மூலக்கூறுகள் பிடித்து இழுப்பதால் பின்தங்குகிறது. இந்த இழுபறிதான் சூடு. ஐஸ்கட்டியில் மூலக்கூறுகள் கட்டுண்டு கிடப்பதால் அது மைக்ரோவேவில் அவ்வளவு சுலபமாக உருகுவதில்லை, பார்த்திருப்பீர்கள். உண்மையான மைக்ரோவேவ் நிறமாலை, அதாவது மூலக்கூறு எந்தெந்த அதிர்வெண்ணை உறிஞ்சுகிறது என்ற பதிவு, எடுக்க வேண்டுமானால் மூலக்கூறு தங்குதடையில்லாமல் சுழல வேண்டும், அதாவது குறைந்த அழுத்தத்தில் வாயுவாக இருக்க வேண்டும். நீராவிக்கு 22.2 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு சுழற்சிக் கோடு உண்டு. அடுப்போடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

இப்போது ஸ்பெக்ட்ரோஸ்கோபிக்கு, அதாவது நிறமாலையை வைத்துப் பொருளை ஆராய்வதற்கு வருவோம். மாங்காய் உவமை இதுவரைக்கும்தான் தாங்கும். பெரிய கல்லாக இருந்தாலும் மாங்காய் விழும். ஆனால் ஃபோட்டான் விஷயத்தில் 'பெரியதாக இருந்தால் போதும்' என்பது செல்லாது, பெரும்பாலும் அளவு பொருந்த வேண்டும். ஏனென்றால் அணுவுக்குள்ளும் மூலக்கூறுக்குள்ளும் ஆற்றல் மட்டங்கள் படிக்கட்டு மாதிரி இருக்கின்றன. இரண்டு படிக்கு நடுவே காலை வைக்க இடமில்லை. படியின் உயரமும் ஃபோட்டானின் ஆற்றலும் ஒன்றாக இருந்தால் உறிஞ்சும், இல்லையென்றால் ஒளி பாட்டுக்குத் தாண்டிப் போய்விடும்.

ரசம் பொங்கி அடுப்பில் வழியும்போது நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகும். அது உப்பில் இருக்கும் சோடியம். அதன் கடைசி எலக்ட்ரான் 3பி என்ற மேல் மட்டத்துக்கு ஏறி 3எஸ் என்ற கீழ் மட்டத்துக்கு இறங்கும்போது 589.0, 589.6 நானோமீட்டரில் ஒட்டி ஒட்டி இரண்டு கோடு. மோலுக்கு 203 கிலோஜூல். எந்த ஊர் உப்பாக இருந்தாலும் அதே இடம்தான். கல்லூரி ஆய்வகத்தில் சோடியம் விளக்கைப் போட்டவுடன் கவனித்திருக்கிறீர்களா? முதலில் ரோஜா நிறச் சிவப்பாக எரியும். மாணவர்கள் விளக்கு கெட்டுவிட்டது என்று அணைத்துவிடுவார்கள். அணைக்காதீர்கள். அந்தச் சிவப்பு உள்ளே இருக்கும் நியான் வாயுவுடையது. ஐந்து பத்து நிமிடம் போனால் சூட்டில் சோடியம் ஆவியாகி மஞ்சள் வந்துவிடும். ஒரே குழாய்க்குள் இரண்டு தனிமங்கள் அடுத்தடுத்துத் தன் பெயரைச் சொல்கின்றன.

இந்தப் 'பெயர் சொல்லும்' குணத்தை வைத்துத்தான் ஹீலியத்தைப் பூமியில் பார்ப்பதற்கு முன்பே சூரியனில் கண்டுபிடித்தார்கள். 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தின்போது பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூரில் இருந்து நிறமாலையைப் பார்த்தார். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் வானியலாளர் லாக்யர் ஒரு மஞ்சள் கோடு சோடியத்தின் இடத்தில் இல்லாமல் சற்றுத் தள்ளி, சுமார் 587.6 நானோமீட்டரில் இருப்பதைப் பிடித்தார். அதுதான் ஹீலியத்தின் கோடு. பூமியில் ஹீலியம் வேதியியலாளர் ராம்சேயின் கைக்கு வந்தது 1895-இல்.

அணு என்றால் எலக்ட்ரான் படிகள் மட்டும்தான். மூலக்கூறு என்றால் மூன்று வகைப் படிகள். எலக்ட்ரான் தாவுவது பெரிய படி. பிணைப்பு அதிர்வது சின்னப் படி. மூலக்கூறு சுழல்வது அதைவிடச் சின்னது. ஒரு பொருளை வைத்துப் பார்த்தால் சுலபம். அசிட்டோன் எடுத்துக்கொள்வோம், நகப்பூச்சைத் துடைக்கிறோமே, அதுதான்.

புற ஊதாவில் 279 நானோமீட்டர் பக்கத்தில் லேசாக உறிஞ்சும். ஆக்சிஜனில் சும்மா இருக்கும் எலக்ட்ரான் ஒன்று மேலே தாவுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதற்குப் பொருந்தும் படி இல்லை, அதனால் நிறமில்லாமல் இருக்கிறது. அகச்சிவப்பில் அலை எண் (ஒரு செ.மீ.க்குள் எத்தனை அலை என்ற கணக்கு) 1715 செ.மீ. மைனஸ் ஒன்றில் பலமாக உறிஞ்சும். அது கார்பனும் ஆக்சிஜனும் ஸ்பிரிங்கில் கட்டின இரண்டு குண்டு மாதிரி நீண்டு சுருங்குவது, நொடிக்குச் சுமார் 5 பெருக்கல் 10-இன் 13-ஆம் அடுக்கு தடவை. என்.எம்.ஆர்., அதாவது அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்றால் ரேடியோ அலை. 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் மோலுக்கு 0.16 ஜூல்தான், மைக்ரோவேவைவிடவும் சிறிது. அதனால் காந்தத்துக்குள் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருவைத்தான் திருப்பிப் போட முடியும். அசிட்டோனில் ஆறு ஹைட்ரஜனும் ஒரே சூழலில் இருப்பதால் ஒரே ஒரு கோடு.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இதற்குள்ளேயே வந்துவிட்டது. அந்த 1715-ஐ மோலுக்கு மாற்றினால் 20.5 கிலோஜூல். அந்தக் கார்பனைல், அதாவது கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பை உடைக்க 700 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். ஆகவே ஐ.ஆர். மூலக்கூறை ஆட்டும், உடைக்காது. 'நிறைய ஃபோட்டான் வந்து ஒன்றாகச் சேர்ந்து உடைக்காதா' என்று கேட்பீர்கள். பலமான லேசரில் அது நடக்கும். நம் கருவியில் இருக்கும் விளக்கில், முதல் ஃபோட்டான் கொடுத்த ஆற்றலைப் பக்கத்து மூலக்கூறுகள் பிடுங்கிக்கொண்டு போன பிறகுதான் அடுத்தது வரும்.

பரீட்சைக்கு வேண்டிய ஒன்று, வேகமாகச் சொல்கிறேன். பிணைப்பு வலுவானால் அலை எண் கூடும், அணு கனத்தால் குறையும். கார்பன்-ஆக்சிஜன் ஒற்றைப் பிணைப்பு 1100-ஐ ஒட்டி, இரட்டைப் பிணைப்பு 1700-ஐ ஒட்டி. கார்பன்-ஹைட்ரஜன் 2900, ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் போட்டால் 2100, 2200-க்கு இறங்கும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. அதிரும்போது இருமுனைத் திருப்புத்திறன், அதாவது நேர்மின்னும் எதிர்மின்னும் பிரிந்து நிற்கும் அளவு, மாற வேண்டும், இல்லையென்றால் படி பொருந்தினாலும் ஒளி பிடி கிடைக்காமல் வழுக்கிப்போகும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் அப்படித்தான். அதனால்தான் காற்றுக்கு நடுவே வைத்தே ஐ.ஆர். எடுக்க முடிகிறது. கார்பன் டை ஆக்சைடு தப்பாது. கருவியின் மூடியைத் திறந்து குனிந்து மூச்சு விட்டுப் பாருங்கள், 2350 பக்கத்தில் இரட்டைக் கொம்பு முளைக்கும். அது உங்கள் மூச்சு. முதலில் பொருளை வைக்காமல் பேக்கிரவுண்டு எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். ஐ.ஆரில் மாட்டாத நைட்ரஜன் ராமன் நிறமாலையில் மாட்டும். 1928-இல் கொல்கத்தாவில் ராமனும் கிருஷ்ணனும் பார்த்தது சிதறும் ஒளி. அங்கே நிபந்தனை வேறு, மின்மேகம் எவ்வளவு நெகிழ்கிறது என்பது மாற வேண்டும். அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

கடைசியாக ஒன்று, நானே சூடு பட்டது. எம்.எஸ்சி. படிக்கும்போது, ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு வாரம். பொட்டாசியம் புரோமைடு பொடியோடு சேர்த்து அரைத்து, அழுத்தி, வில்லை செய்து ஐ.ஆர். எடுத்தேன். 3400-இல் மலையைக் கவிழ்த்த மாதிரி அகலமான பள்ளம். ஐ.ஆரில் பள்ளத்தைத்தான் பீக் என்போம், அது வேறு கதை. ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் தொகுதி) இருக்கிறது, என் பொருள் ஆல்கஹால் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பேராசிரியர் தாளைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார், 1640-இல் இருந்த சின்னப் பள்ளத்தில் பேனாவை வைத்தார். "இது யாரு?" என்றார். தண்ணீர். பொட்டாசியம் புரோமைடு ஈரத்தை இழுத்து வைத்திருந்தது. பொடியை இரவு முழுக்க அடுப்பில் உலர்த்தி மறுநாள் எடுத்தபோது 3400-இல் ஒன்றுமே இல்லை. 1715 மட்டும் கூராக நின்றது. பொருள் அசிட்டோன் மாதிரி ஒரு கீட்டோன்.