மார்னரைச் சும்மா கொடுத்துவிட்டார்களா? மல்லாவியிலிருந்து ஒரு பதில்

வணக்கம். ஸ்கார்பரோவிலிருந்து ஒரு தம்பி, ரொறன்ரோவின் ஐஸ் ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸைப் பற்றிக் கேட்டிருக்கிறார்: "அண்ணா, மிட்ச் மார்னரை வேகாஸுக்குக் கொடுத்துவிட்டு நிக்கோலா ருவா ஒருவரை மட்டும் வாங்கியிருக்கிறார்கள். மேப்பிள் லீஃப்ஸ் ஏமாந்துவிட்டதா? அதைவிட, ஜூலை முதலாம் திகதி நீங்கள் வன்னியில் நிற்கிறீர்களே, விசர் பிடித்துவிட்டதா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு மடு மாதாவிடம் ஒரு நேர்த்தி இருந்தது. மடுவின் ஆடித் திருவிழா ஜூலை 2ஆம் திகதி. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களை அணிகள் எடுக்கும் ஹொக்கிச் சந்தை 2025இல் திறந்தது ஜூலை 1, ரொறன்ரோவில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு. இங்கே அது இரவு ஒன்பதரை. நாங்கள் சைவக்காரர்தான். ஆனால் மடுவுக்குப் போவதற்கு வன்னியில் யாரும் சமயம் பார்ப்பதில்லை. ஆகவே அந்த நேரம் நான் மடுக் காட்டில், மரத்தடியில் கட்டிய கூடாரத்தில் இருந்தேன். சிக்னலுக்காகக் கைப்பேசியைக் கூடாரக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தேன். அக்காவின் மகன் ஒரு பை நிறையப் பாலைப்பழம் கொண்டுவந்தான். தின்றவர்களுக்குத் தெரியும், அதன் பால் உதட்டில் பசைபோல ஒட்டும். அந்த விரலால் திரையைத் தொட்டேன். அதன்பிறகு எதைத் தட்டினாலும் வேறு எதுவோ திறந்தது. தேங்காயெண்ணெய் பூசித்தான் துடைக்க வேண்டியிருந்தது. "மாமா, மீன் பெட்டிக்குள் போடுகிற ஐஸிலா இவர்கள் ஓடுகிறார்கள்?" என்று கேட்டான். ஏறக்குறைய அதுதான் என்றேன்.

இனி மார்னர். இந்தப் பரிமாற்றம் சந்தை திறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. மார்னருக்கு எட்டு ஆண்டுகள், ஆண்டுக்கு 12 மில்லியன் டொலர். இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அன்றைய விதிப்படி ஒரு வீரருக்கு எட்டு ஆண்டு ஒப்பந்தம் கொடுக்க அவருடைய சொந்த அணியால் மட்டுமே முடியும். வெளி அணி ஏழு ஆண்டுதான் கொடுக்கலாம். மார்னர் சந்தைக்குப் போயிருந்தால் லீஃப்ஸுக்கு ஒரு சதமும் கிடைத்திருக்காது. அவருக்கும் எட்டாவது ஆண்டு கிடைத்திருக்காது. அதனால் ரொறன்ரோ எட்டு ஆண்டுக்கு எழுதிக் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளோடு சேர்த்து ஆளை வேகாஸுக்கு அனுப்பியது. ருவா அந்த ஒரு மேலதிக ஆண்டுக்கான விலை, அவ்வளவுதான். 2023இல் வேகாஸோடு ஸ்டான்லி கிண்ணம், அதாவது லீக்கின் சாம்பியன் கிண்ணம், வென்ற மைய ஆட்டக்காரர், மோசமானவர் அல்லர். 2024-25இல் கோலும் கோலுக்கான உதவியும் சேர்த்து 102 புள்ளி எடுத்த மார்னருக்கு அவர் ஈடாவாரா? ஆகமாட்டார். ஆனால் வெறுங்கைக்கு இது மேல்.

ஏமாந்தது 2025 கோடையில் இல்லை, தம்பி. 2023 கோடையில். மார்னரின் பழைய ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில், கடைசி இரண்டு ஆண்டுகளும் அவருடைய சம்மதம் இல்லாமல் அவரை எங்கும் அனுப்ப முடியாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. அது 2023 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் வயலைக் குத்தகைக்குக் கொடுப்பார்களே, அதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு போகத்துக்கும் எழும்பச் சொல்லமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு வரம்பில் நின்று கத்திப் பயனில்லை. பிராட் ட்ரெலிவிங் லீஃப்ஸின் பொது முகாமையாளராக வந்தது 2023 மே 31. அவர் கையில் இருந்தது ஒரு மாதம். அந்த மாதத்தில் பெரிய முடிவு எடுக்கத் துணியவில்லை. 2025 மார்ச்சில் கரோலினா அணிக்குப் போகச் சம்மதமா என்று கேட்டதாகவும் மார்னர் மறுத்ததாகவும் செய்தி வந்தது. அது அவருடைய உரிமை; அதற்காக அவரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வரிக்காகப் போனார் என்கிறார்கள். வேகாஸ் இருக்கும் நெவாடாவில் மாநில வருமான வரி இல்லை, ஒன்ராறியோவில் உச்ச வரி பாதிக்கு மேல். ஆனால் மே 18ஆம் திகதி புளோரிடா அணியிடம் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டத்தில் 6-1 என்று தோற்றபோது, சொந்த அரங்கில் கிடைத்த கூச்சலைக் கேட்ட எவரும் கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்திருக்கமாட்டார். மார்னர் பக்கத்து மார்க்கம் (Markham) நகரில் பிறந்தவர், தெரியும்தானே.

லீஃப்ஸின் மற்ற ஒப்பந்தங்களில் எனக்குப் பிடித்தது ஜோன் டவாரெஸினுடையது. ஆண்டுக்கு 11 மில்லியன் வாங்கியவர், நான்கு ஆண்டுக்கு 4.38 மில்லியனுக்கு இறங்கினார். இன்னொரு ஆட்டக்காரர் மத்தியூ நைஸுக்கு 7.75 மில்லியன், ஆறு ஆண்டு, அதுவும் சரி. ஜூலை 1 சந்தையில் பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் அணி ஆட்டக்காரருக்குச் செலவிடக்கூடிய சம்பள உச்சவரம்பு 88இலிருந்து 95.5 மில்லியனுக்கு ஏறியதால் எல்லோரிடமும் காசு இருந்தது, நல்ல சரக்குத்தான் இல்லை. புளோரிடா தன் ஆட்டக்காரர்களான பெனட், எக்பிளாட், மார்ஷாண்ட் மூவரையும் முன்கூட்டியே கட்டிப் போட்டுவிட்டது.

அன்றிரவு நான் பெருமூச்சு விட்டதைக் கேட்டு, பாயில் படுத்திருந்த அம்மா "யார், மோனை, விட்டுவிட்டுப் போனது?" என்றார். மார்னர் என்றேன். "தாய் இருக்கிறாவா அவனுக்கு?" இருக்கிறா என்றேன். "அப்போ தாய்க்குத்தான் கவலை, நீ படு" என்றார்.