24,000 யூரோ எங்கே போகிறது?

நடுவர் அவர்களே, வேலூர்ப் பெருமக்களே, வணக்கம்.

மத்தியதரைக் கடலில் அகதிகளை மீட்கும் தொண்டுக் கப்பல்களுக்கு ஆகும் செலவு தகுமா, தகாதா? தகும் என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டார்: ஓஷன் வைக்கிங் என்ற தொண்டுக் கப்பல் கடலில் ஒரு நாள் நிற்க 24,000 யூரோ, நம் பணத்தில் 20 லட்சத்துக்கு மேல். எண் சரிதான். அது எங்கே போகிறது என்று அவர் சொல்லவில்லையே!

கப்பல், எரிபொருள், மாலுமிகள், மருத்துவக் குழு. நூறு பேர் நெருக்கியடித்த ரப்பர் படகை நெருங்குவது லேசான காரியமா? பெரிய கப்பல் தள்ளியே நிற்கும். சின்ன விசைப்படகுதான் போகும். அதுவும் பக்கவாட்டில் போய் ஒட்டினால் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து வருவார்கள், படகு குப்புறக் கவிழும். ஆகவே எட்ட நின்று பேசி, உட்காரவைத்து, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் மாட்டிய பிறகுதான் ஏற்றுவார்கள். படகின் அடியில் சிந்திய பெட்ரோலும் உப்புத்தண்ணீரும் கலந்து கிடக்கும். நடுவில் உட்கார்ந்த பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தொடையும் இடுப்பும் வெந்திருக்கும். துணியைக் களைந்து, நல்ல தண்ணீரில் நெடுநேரம் கழுவி, மாற்றுத்துணி தரவேண்டும். இதில் எந்தச் செலவைக் குறைக்கச் சொல்கிறார்?

குறைக்கவேண்டிய செலவு ஒன்று உண்டு. 2023-இல் வந்த இத்தாலியச் சட்டப்படி, ஒரு மீட்பு முடிந்ததும் ஒதுக்கிய துறைமுகத்துக்கு உடனே போகவேண்டும். தெற்கே சிசிலித் தீவு பக்கத்தில் இருக்க, வடக்கே ரவென்னா துறைமுகத்தை ஒதுக்குகிறார்கள்: சுமார் 1,600 கிலோமீட்டர், நான்கு நாள். நான்கு நாளுக்கு 96,000 யூரோ. திரும்பிவர அதே செலவு. காட்பாடியில் அடிபட்டவரை ஏற்றிய ஆம்புலன்ஸை நாக்பூருக்கும் அப்பால் ஓட்டச் சொல்வது போலில்லையா? மீறினால் அபராதம், கப்பலுக்குத் தடுப்பு. இந்தச் செலவை ஏற்றிவிட்டது தொண்டு நிறுவனமா?

மீட்புக் கப்பல் நிற்பதால்தான் அகதிகள் புறப்படுகிறார்கள் என்றார் எதிரணித் தலைவர். மாதம் சுமார் 90 லட்சம் யூரோ ஆகிறதென்று பேசப்பட்ட மாரே நோஸ்ட்ரும் மீட்புப் பணியை இத்தாலி 2014 அக்டோபரில் முடித்துக்கொண்டது. புறப்பாடு நின்றதா? 2015 ஏப்ரல் 18 அன்று ஒரே கப்பல் கவிழ்ந்து 800 பேருக்கு மேல் மாண்டார்கள்.

இலங்கைத் தமிழருக்கு மேல்மொணவூரில் வீடு கட்டிக்கொடுத்த மாவட்டம் இது. 2022-இல் இலங்கையிலிருந்து படகில் வந்து தனுஷ்கோடிக்கு அருகே மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டவர்களை நம் கடலோரக் காவல்படை ஹோவர்கிராஃப்டில் போய் மீட்டது. அந்த ஹோவர்கிராஃப்ட் வருமென்று நம்பியா, நடுவர் அவர்களே, அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் படகேறினார்கள்? பால்மாவுக்கும் அரிசிக்கும் வழியில்லாமல் ஏறினார்கள்.